மடுவில் விட்ட மீன்

ஆடி மாதம் கொல்லிமலையில் மஞ்சு இறங்கிவிட்டால் பக்கத்து வீட்டுக் கூரைகூடக் கண்ணுக்குத் தெரியாது. உச்சிப் பொழுதா, அந்தி சாய்ந்துவிட்டதா என்று கோழிகளே குழம்பிப் போய்க் கூடையைச் சுற்றிச் சுற்றி வரும். அப்படி ஒரு நாளில்தான் கருவாட்டு வியாபாரி அர்த்தனாரி, தலையில் கூடையும் தோளில் சாக்குமாக, அரியூர் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் சென்றாயன் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவன் சேந்தமங்கலத்துக்காரன். அந்த ஊருக்கு மோட்டார் வண்டி எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த காலம் அது. மலைக்கு மட்டும் நடைதான். மாதத்துக்கு ஒரு தடவை மலையேறி, செம்மேட்டுச் சந்தையில் கடை விரித்து, மிஞ்சியதை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு இறங்குவான். வாய் ஓயாத மனுஷன். கருவாட்டு வாடை வரும் முன்னே அவன் பேச்சு வந்துவிடும்.

அன்றைக்கு வாடைதான் முதலில் வந்தது.

செருப்பை வழக்கம்போல ஊர் எல்லைக் கல்லோரம் கழற்றிவிட்டு வந்திருந்தான். அந்த ஊரில் யாரும் செருப்போடு ஊருக்குள் நுழைவதில்லை. வயலில் கால் வைப்பது பற்றிக் கேட்கவே வேண்டாம். நெல் விளைகிற சேறு அம்மன் உட்காருகிற இடம் என்பார்கள். மண்ணை மிதிக்கிற கால் வெறுங்காலாக இருந்தால்தான் மண்ணுக்கு ஆளை அடையாளம் தெரியும் என்பார்கள்.

வீட்டில் கண்ணாயி மட்டும் இருந்தாள். புருஷன் சென்றாயன் ஏர் ஓட்டப் போயிருந்தான். நாத்தனார் பழனாயி ஆட்டை ஓட்டிக்கொண்டு போயிருந்தாள். கண்ணாயிக்கு அப்போது ஐந்தாம் மாசம். இதற்கு முன் இரண்டு தடவை வயிற்றில் தங்கியது தங்காமல் போய்விட்டது. ஊரில் யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொன்னதில்லை. ஆனாலும் நல்ல காரியத்துக்கு விளக்கேற்றக் கூப்பிடும்போது அவள் பேரை மட்டும் எல்லாருக்கும் மறந்துவிடும். இந்த மூன்றாவதும் இன்னும் அசையவில்லை. புருஷன் கண்ணயர்ந்த பிறகு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு விழித்துக் கிடப்பாள். ஒரு துடிப்பு, ஒரே ஒரு துடிப்பு போதும் என்று ஏங்கினாள் பாவம்.

நாற்று நட ஆள்கள் வரப்போகிறார்கள், களிக்குக் கருவாடு வேண்டும் என்றாள். அர்த்தனாரி கூடையைக் கிளறினான். அடியில், உப்புக்குள், கையில் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது. எடுத்து வாசலில் போட்டான். இரண்டு கை அகலத்தில் கறுத்த கல். மேலெல்லாம் முண்டும் முடிச்சுமாக, பாசி பிடித்த மாதிரி இருந்தது. கூடை கட்டினவன் கண்ணை மூடிக்கொண்டு கட்டியிருக்கிறான் என்று கருவாடு அனுப்பும் கடற்கரைக்காரனைத் திட்டத் தொடங்கினான்.

கண்ணாயி குனிந்து பார்த்தாள். அதன் அடிப்பக்கம் நீளமாகக் கிழிக்கப்பட்டு, கிழிசலில் உப்பு திணிக்கப்பட்டிருந்தது. கல்லுக்கு எதற்கு உப்பு?

சிந்திய உப்பைக் கொத்த ஒரு கோழிக்குஞ்சு ஓடி வந்தது.

குஞ்சு நின்ற இடத்தில் குஞ்சு இல்லை.

மேல்நோக்கி இருந்த ஒரு வாய் மூடிக்கொண்டதை இரண்டு பேரும் பார்த்தார்கள். அது திறந்ததை யாரும் பார்க்கவில்லை. வாய்க்கு மேலே மண்ணிறத்தில் இரண்டு கண்கள் இருந்தன. அவை இமைக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அர்த்தனாரியின் கை தானாகவே சுவரோரம் இருந்த உலக்கையைத் தேடியது. கண்ணாயி குறுக்கே வந்து நின்றாள்.

"தள்ளுங்க அம்மிணி. இது நல்லதில்லீங்க. வவுத்தைக் கிழிச்சு உப்பு வெச்சு எத்தனை நாளாச்சோ."

"அதனாலதானுங்கண்ணா," என்றாள் கண்ணாயி, குரலைத் தாழ்த்தி. "அறுத்த பொறகும் உசுரோட இருக்குற மீனு எங்க சாமி மீனுங்க."

வேறு எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் அலறிக்கொண்டு ஓடியிருப்பாள், இல்லை அந்த உலக்கையைப் பிடுங்கித் தானே போட்டிருப்பாள். கொல்லிமலைப் பெண்ணுக்கு அது முடியாது. அறப்பளீசுவரன் கோயில் பக்கத்து ஆற்றில், அறுத்துச் சட்டியில் போட்ட மீன் துண்டெல்லாம் ஒன்றுகூடி, உயிரோடு தண்ணீரில் துள்ளி விழுந்த கதையைக் கேட்டுத்தான் அவள் வளர்ந்தாள். அந்த ஆற்று மீனுக்குப் பொரி போட்டுவிட்டுத்தான் சாமியைக் கும்பிடப் போவார்கள். அறுபட்டும் சாகாத மீன் ஒன்று, அவள் வயிறு அசையாமல் கிடக்கிற நேரம் பார்த்து, அவள் வாசலைத் தேடி வந்திருக்கிறது. சாமி வேறு எப்படித்தான் பதில் சொல்லும்?

அர்த்தனாரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் காதில் ஏறவில்லை. யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வைத்த கூழைக்கூடக் குடிக்காமல் அவன் மஞ்சுக்குள் இறங்கிப் போனான். அவன் ஒரு வார்த்தை பேசாமல் போனது அன்றைக்குத்தான்.

கோயில் ஆறு தொலைவு, வெள்ளமும் ஓடுகிறது. பிள்ளை பிறந்ததும் கொண்டுபோய் விடுவதாக வேண்டிக்கொண்டு, அதைச் சட்டியில் வைத்துத் தங்கள் வயலுக்கு மேலே இருந்த மடுவுக்கு எடுத்துப் போனாள். ஊற்றுத் தண்ணீர் முழங்கால் ஆழத்துக்குத் தேங்கி, வாய்க்கால் வழியே வயலுக்கு இறங்குகிற சின்ன மடு அது. தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு அதன் தலையில் வைத்தாள்.

"நீ இங்க தங்கு சாமி. எம்புள்ள இங்க தங்கட்டும்," என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

அது அடியில் இறங்கியது. கொஞ்சம் சேற்றைக் கிளப்பி மேலே போர்த்திக்கொண்டது. அப்புறம் மடுவில் கற்கள்தான் தெரிந்தன.

தண்ணீரிலிருந்து கையை எடுக்கும் முன்னே, வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது.

கண்ணாயி அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

முதலில் தவளைகள் ஓய்ந்தன. ஆடி மாதத்தில் தவளை கத்தாத வயலை அந்த ஊரில் யாரும் கண்டதில்லை. பக்கத்து வயல்களில் காது கிழியும். சென்றாயன் வயலில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் நண்டு வளைகள் காலியாகக் கிடந்தன. ஒரு நாள் கொக்கு ஒன்று மடுவோரம் இறங்கியதைப் பழனாயி பார்த்தாளாம். திரும்பிப் பார்த்தபோது ஒரு வெள்ளை இறகு மட்டும் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்ததாம். நரி பிடித்திருக்கும் என்றாள் அவளே.

மாடு மடுத் தண்ணீரில் வாய் வைக்க மாட்டேன் என்றது. சென்றாயன் அதை அதட்டிவிட்டுத் தான் அள்ளிக் குடித்தான். குடித்ததைத் துப்பினான்.

"என்ன கண்ணு, தண்ணி கரிக்குது," என்றான்.

ஊற்று வாயில் உப்பு மண் ஏதாவது இருக்கும் என்று கண்ணாயி சமாளித்தாள். அவளும் தனியாகப் போய் நாக்கில் வைத்துப் பார்த்தாள். கண்ணீர் மாதிரி கரித்தது. ஆனால் மடுவோரம் போய் நிற்கும்போதெல்லாம் பிள்ளை துள்ளுகிறதே! அந்தத் துள்ளலுக்கு முன்னால் தவளையாவது கொக்காவது. தினம் காலையில் ஒரு பிடி சாமை அரிசியைத் தூவிவிட்டு வருவாள். அரிசி அப்படியே மிதக்கும். அதற்கு அரிசி வேண்டாம் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

நடவன்று பெண்கள் வரிசையாக வயலில் இறங்கினார்கள். வாய்க்கால் வாய் ஓரத்தில் பழனாயி நின்றாள். சிரித்த முகம், கையில் நாற்றுமுடி. அவள் பாட்டை எடுத்தால் மற்றவர்கள் பின்பாட்டு. தை பிறந்தால் அவளுக்குக் கல்யாணம் என்பதால் அன்றைக்குக் கேலிக்கும் குறைவில்லை. அவள் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தாள்.

பாட்டு நின்றது.

அவள் முதலில் கத்தவேகூட இல்லை. வாயைத் திறந்தபடி நின்றாள். அப்புறம் வந்த அலறல் செம்மேடு வரைக்கும் கேட்டிருக்கும். கரையில் தூக்கிப் போட்டார்கள். உள்ளங்கால் கண்ணெதிரே நீலம் பாரித்து வீங்கியது. பாம்பு, பாம்பு என்று ஆளாளுக்கு ஓடினார்கள். பச்சிலை வைத்தியர் அப்பாசாமி வந்து காலைத் திருப்பிப் பார்த்தார். பாம்புக்கு இரண்டு பல். இதில் சீப்புப் பல் பதிந்த மாதிரி வரிசையாகப் புள்ளிகள் இருந்தன. இதற்குத் தன்னிடம் மருந்தில்லை என்று சொல்லிவிட்டார்.

காலை வெட்டிப் போடுங்கள் என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு பழனாயி கெஞ்சினாள். சேற்றைக் கழுவலாம் என்று யாரோ கொண்டுவந்த வெந்நீரில் கால் பட்டபோதுதான் அவளுக்கு மூச்சே திரும்பியது. பொறுக்க முடியாத சூட்டில் காலை வைத்திருந்தால் வலி அடங்கியது. எடுத்தால் மறுபடி பிடித்தது. விடிய விடியக் கண்ணாயிதான் அடுப்பை விட்டு நகராமல் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். உயிர் தப்பியது. கால் மட்டும் பழைய கால் ஆகவில்லை. நொண்டிப் பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள்.

கண்ணாயி வாயைத் திறக்கவில்லை. சொன்னால் சென்றாயன் அதை அடித்துக் கொன்றுவிடுவான். அது செத்தால்?

அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை.

அடுத்த சந்தைக்கு அர்த்தனாரி வந்தான். ஆள் இளைத்துப் போயிருந்தான். கூடையில்லை, கையில் மூங்கில் கழியும் ஒரு சாக்கும்தான். கடற்கரைக்காரனைக் கண்டு கேட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"கடலடியில கல்லு மாதிரி அசையாமப் படுத்திருக்குமாம் அம்மிணி. தானா எதையும் தொரத்தாதாம். தேடி வாரதுக்காகக் காத்துக் கெடக்குமாம். முதுகு பூராவும் நஞ்சு முள்ளாம். அது செத்தாலும் முள்ளு சாகாதாம். கடலுக்குள்ள போறப்ப அதும் பேரையே சொல்ல மாட்டாங்களாம்."

விட்டுவிடுங்கள், என் பிள்ளை பிறக்கட்டும் என்று கண்ணாயி மன்றாடினாள். பழனாயி நொண்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்ததை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எங்கூடையில வந்ததுங்க. பாவம் என்னோடது," என்றான்.

அவள் அழுதுகொண்டே மடுவைக் காட்டினாள். பகல்தான். ஆனாலும் மஞ்சு மடுவை மூடியிருந்தது. கரையில் அவள் நின்றாள். அவன் கழியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே தண்ணீருக்குள் போனான். டொக். டொக். நடுவில் ஒரு கல்லின் மேல் குங்குமம் இருந்தது. ஒரு மாதம் தண்ணீருக்குள் கிடந்தும் வைத்த அன்றைக்கு இருந்தது போலவே சிவப்பாக இருந்தது.

அர்த்தனாரி ஓங்கிக் கழியால் குத்தினான். டொக்.

குனிந்து சாக்கால் சுற்றி அதைத் தூக்கினான். வெறும் கல். புரட்டிப் புரட்டிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது அவனுக்கு.

"கல்லுத்தானுங்க அம்மிணி," என்று சொல்லிக்கொண்டே, கரையேறக் காலைப் பின்னால் எடுத்து வைத்தான்.

அந்த இடத்திலும் ஒரு கல் இருந்தது.

அவன் அப்படியே மண்டியிட்டான். முகம் தண்ணீருக்குள் போனது. முழங்கால் ஆழம்தான். கையை நீட்டினால் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம், ஆனால் அதற்கு ஒரு காலையாவது தண்ணீருக்குள் வைக்க வேண்டும். கண்ணாயியால் முடியவில்லை. கரையில் நின்றபடியே புருஷன் பேரைச் சொல்லிக் கத்தினாள். சென்றாயன் ஓடி வந்து சேர்ந்தபோது தண்ணீர் அசைவற்றுக் கிடந்தது.

அவளுக்கு அந்த நேரத்திலும் வயிற்றுக்குள் பிள்ளை துள்ளிக்கொண்டிருந்தது.

அர்த்தனாரியின் உடலைக் கட்டிலில் கிடத்தி ஆள்கள் மலையிறக்கிக்கொண்டு போன பிறகு, அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சென்றாயன் அதிர்ந்து பேசாத மனுஷன். ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"பழனாயி காலு?"

அவள் தலையாட்டினாள். அவன் எழுந்துபோய் மண்வெட்டியையும் கடப்பாரையையும் சம்மட்டியையும் எடுத்து வாசலில் வைத்தான்.

விடிந்ததும் மடுவின் கரையை வெட்டிவிட்டான். கரித்த தண்ணீர் வயல் வழியாக இறங்கி ஓடியது. அடியில் சேறும் கல்லும் மட்டும் மிஞ்சின. எல்லாமே கறுத்த கல், எல்லாவற்றிலும் பாசி, எல்லாவற்றிலும் முண்டு முடிச்சு. எது கல், எது அது? வரப்பில் நின்றபடியே கடப்பாரையால் ஒவ்வொன்றாக நெம்பி மேலே எடுத்துப் போட்டுச் சம்மட்டியால் உடைத்தான். உடைத்ததெல்லாம் கல்லாகவே இருந்தது. குங்குமக் கல்லையும் உடைத்தான். உள்ளேயும் கல்தான். கடைசியில் மடுவில் ஒரு கூழாங்கல்கூட இல்லை. மீனும் இல்லை.

போய்த் தொலைந்தது என்று சென்றாயன் மூச்சு விட்டான். கண்ணாயிக்கு மூச்சு நின்றது. மடுவின் கடைசித் தண்ணீர் வடிந்தபோதே அவள் வயிறு ஓய்ந்துவிட்டிருந்தது.

அன்றைக்கு அசைவில்லை. மறுநாளும் இல்லை. படுத்துப் பார்த்தாள், நடந்து பார்த்தாள், வெல்லத்தைக் கரைத்துக் குடித்துப் பார்த்தாள். வயிறு கல்லாகக் கனத்தது. அந்தக் கனம் அவளுக்குத் தெரியும். இரண்டு தடவை சுமந்த கனம்தான் அது. இன்னொரு தடவை அதைச் சுமந்து, இன்னொரு தடவை குழி தோண்டுவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

ஒரு காலைப் பொழுதில் பால் கறக்கப் போகிறவள் மாதிரி எழுந்து மடுவுக்குப் போனாள். சென்றாயன் வெட்டிய கரை மழையில் சரிந்து தானாகவே அடைத்துக்கொண்டிருந்தது. மடு நிரம்பியிருந்தது. அடியில் ஒரு கல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு கரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டாள்.

"வா சாமி," என்றாள். "நான் தேடித்தான் வந்திருக்கேன்."

மஞ்சு அவள் தோள் வரைக்கும் இறங்கியது. தண்ணீர் கணுக்காலைச் சுற்றிக் குளிர்ந்தது.

பிறகு அந்தக் குளிருக்குள் ஒரு கனம் வந்தது. மெல்ல வந்து, அவள் வலது புறங்காலின் மேல் ஏறிப் படுத்தது. வழவழப்பாக இருந்தது. அது மூச்சு விடுவது காலில் தெரிந்தது. கண்ணாயி பல்லைக் கடித்துக்கொண்டு முள்ளுக்காகக் காத்திருந்தாள்.

குத்தவில்லை.

கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தண்ணீரில் எதுவும் விலகிப் போனதாகத் தெரியவில்லை. காலின் மேல் இருந்தது காலுக்குள் போய்விட்டது போல இல்லாமலானது.

வயிற்றில் ஒரு துள்ளல்.

அவள் எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தாள். அவளுக்குப் பின்னால், எத்தனையோ நாளுக்குப் பிறகு, வயலில் தவளைகள் ஒவ்வொன்றாகக் கத்தத் தொடங்கின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை அசைகிறது என்று மட்டும் புருஷனிடம் சொன்னாள். சென்றாயன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மடுத் தண்ணீரில் அதன் பிறகு கரிப்பு இல்லை. மாடு மறுபடி குடித்தது.

மார்கழிப் பிறப்பில் பெண் குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று நல்ல கனமான குழந்தை. பிறந்ததும் அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்து உள்ளங்காலில் தட்டினாள், அப்போதும் அழவில்லை. ஆனால் மூச்சு சீராக வந்தது. இப்படி ஒரு சமத்தைப் பார்த்ததில்லை என்று போனாள் அவள். கை கால் உதைக்காமல், போட்ட இடத்தில் போட்டபடி, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். கண்ணை இமைக்கவே மறந்ததுபோல் இருக்கும். பால் கொடுக்கும்போது மட்டும் கண்ணாயி உதட்டைக் கடித்துக்கொள்வாள். அந்த வாய் திறப்பதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

சென்றாயனுக்குக் கால் தரையில் படவில்லை. தன் கல்யாணம் நின்றுபோன துக்கத்தைக்கூட மறந்துவிட்டுப் பழனாயி பூரித்துப் போயிருந்தாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது அத்தைக்கு உள்ள உரிமை. தானே குளிப்பாட்டிக்கொள்வதாகக் கண்ணாயி ஒவ்வொரு நாளும் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளினாள். ஒரு நாள் பழனாயி முகம் வாடிப்போனதைப் பார்த்து அவளால் மறுக்க முடியவில்லை. எழுந்துபோய்க் கொல்லை அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

கொல்லைப்புறத்தில் வெயில் விழுகிற இடத்தில் பழனாயி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் குப்புறப் போட்டுக்கொண்டாள். என்னவோ கொஞ்சிக்கொண்டே பிடரியிலிருந்து இடுப்பு வரைக்கும் எண்ணெய்க் கையால் ஒரு இழுப்பு இழுத்தாள்.

கொஞ்சல் நின்றது.

அவள் கத்தவில்லை. வாயைத் திறந்தபடி, வலக்கையைத் திருப்பித் தன் கண்ணுக்கு நேரே பிடித்தாள். உள்ளங்கையில் சீப்புப் பல் பதிந்த மாதிரி வரிசையாகப் புள்ளிகள். குழந்தையின் முதுகில் ஒன்றுமே இல்லை. பூனைமயிர் படர்ந்த இளம் முதுகு வெயிலில் பளபளத்தது.

"அண்ணி," என்று மூச்சாகச் சொன்னாள் பழனாயி. "இது அந்த வலி."

கண்ணாயி முதலில் குழந்தையை எடுத்தாள். முதுகில் கை படாமல், அக்குளில் விரல் கொடுத்து, பழகிய கையாகத் தூக்கினாள். பிறகு பின்னால் கைநீட்டி, குளிப்பாட்ட வைத்திருந்த இளஞ்சூட்டுத் தண்ணீரைத் தாண்டி, தனியாகக் கொதித்துக்கொண்டிருந்த இன்னொரு சட்டியை இழுத்து அவள் பக்கம் வைத்தாள்.

பழனாயி அந்தச் சட்டியைப் பார்த்தாள். கண்ணாயியைப் பார்த்தாள்.

"கைய உடு கண்ணு," என்றாள் கண்ணாயி. "சூடு ஆறிரும்."

அவள் மார்போடு கிடந்த குழந்தை இமைக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் உதட்டோரம் உட்கார வந்த ஈ ஒன்று, அதற்கப்புறம் அங்கே இல்லை.